கன்னியப்பன் வீடியோ காலில் கார் வாங்கியது

மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றும் மேஸ்திரி கன்னியப்பனுக்குச் சந்தேகம் என்பது பிறவிக்குணம். கேஸ் சிலிண்டர் வந்தால், எடை போட்டுப் பார்க்காமல் டெலிவரிக்காரரை அனுப்பமாட்டார். மழை வரும் என்று டிவியில் சொன்னால், இன்னொரு சேனலிலும் கேட்டுவிட்டுத்தான் குடையை எடுப்பார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் கார் வாங்க நினைத்தார். மனைவி சரஸ்வதிக்கு மூட்டுவலி. மாதம் இரண்டு தடவை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவது பெரும்பாடாக இருந்தது.

போனில் தேடியதும் முதலில் அகப்பட்டவர் ஒரு ராணுவ அதிகாரி. நல்ல வண்டி, பாதி விலை. தனக்கு மாறுதல் ஆகிவிட்டதாம். முகாமிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும் கேட் பாஸுக்கு எட்டாயிரம் அனுப்பினால் கார் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமாம். யூனிஃபார்ம் போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு என்று வரிசையாக அனுப்பினார்.

"சார், நீங்க யாருன்னு நான் கேக்கலீங்க. வண்டி எங்க நிக்குது, வீடியோல காட்டுங்க" என்றார் கன்னியப்பன்.

அதிகாரி பான் கார்டை அனுப்பினார். எல்லையில் சிக்னல் இல்லை என்று வருத்தப்பட்டார். கார்டு வருவதற்கு மட்டும் சிக்னல் இருக்கிறதா என்று இவர் கேட்டதும், அவர் நாட்டைக் காக்கப் போய்விட்டார். அதன்பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை. எட்டாயிரம் தப்பியதில் கன்னியப்பனுக்குச் சந்தோஷம் இல்லை. இன்னும் பதினோரு கேள்விகள் பாக்கி இருந்தன.

அவை மொத்தமும் தருமபுரியில் ரிட்டையரான கணக்கு வாத்தியார் வெங்கடாசலத்தின் தலையில் விழுந்தன. அவர் தன் ஒன்பது வருஷக் காரை விற்க விளம்பரம் போட்டிருந்தார், பாவம். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்க, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானட்டின் மேல் கை வைக்கச் சொன்னார் கன்னியப்பன். சூடு வீடியோவில் தெரியாதே என்றார் வாத்தியார். "உங்க மூஞ்சி தெரியுமே" என்று பதில் வந்தது. சேஸிஸ் நம்பரைக் காட்டுவதற்காக அறுபத்து மூன்று வயதில் அவர் குனிந்து நிமிர்ந்தார். லோன் பாக்கி, அபராதம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஆர்சியோடு ஒத்துப் பார்த்தாகிவிட்டது. கடைசியாக, வாத்தியாருக்குப் பழக்கமே இல்லாத ஒரு மெக்கானிக்கைத் தருமபுரியிலேயே பிடித்து அனுப்பினார் கன்னியப்பன். கிளட்ச் மட்டும் தேய்ந்திருக்கிறது, மற்றபடி சுத்தமான வண்டி என்றார் மெக்கானிக்.

அட்வான்ஸ் கிடையாது, நேரில் வந்துதான் பணம் என்று கன்னியப்பன் சொன்னபோது வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு வாரமா நீங்க கேட்டீங்க. இனிமே நான் கேக்கறேன். ஆர்சி மாறுற வரைக்கும் வண்டி உங்ககிட்ட, பேரு என்னுது. நீங்க எங்கயாவது மோதினா போலீசு என் வீட்டுக்குத்தான் வரும். மொதல்ல லைசென்ஸக் காட்டுங்க. அப்புறம் வீடு."

கன்னியப்பன் போனைப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து கதவு எண் வரைக்கும் நடந்து காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சரஸ்வதியையும் கேமரா முன்னால் வந்து, இவர்தான் கன்னியப்பன் என்று சொல்லச் சொன்னார் வாத்தியார். சரஸ்வதி தயங்காமல் சொன்னாள். அன்றைக்குக் கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னப் போயி சந்தேகப்படறாரு பாரு" என்றார்.

"நல்ல மனுஷனாத்தான் இருக்காரு. போயி வண்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

கன்னியப்பன் தருமபுரிக்குப் போய், மேடு பள்ளமெல்லாம் ஓட்டிப் பார்த்தார். பேர் மாற்றும் படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, பேங்கில் உட்கார்ந்தபடியே பணத்தை மாற்றினார். பணம் தன் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் சாவியைக் கொடுத்தார். இருவரும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். முதலில் யார் குடிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வாத்தியாரின் போன் வந்தது: பேர் மாறிவிட்டதா? இருபத்தாறாவது நாள் புது ஆர்சி தபாலில் வந்தது. கன்னியப்பன் பெருமையோடு வீடியோ காலில் அதைத் தூக்கிக் காட்டினார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"சரி. இப்ப பின்பக்கம் திருப்புங்க" என்றார்.