காதர் கண்ட கோடு

உத்திரமேரூர் நெல் மண்டியில் காதர் இருபத்திரண்டு ஆண்டுகள் எடை போட்டார். அவர் சொன்ன எடையை யாரும் மறுபடி போடச் சொன்னதில்லை. தராசில் மூட்டை ஏறியதும் இரண்டடி பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வியாபாரி அவசரப்படுத்தினால், "முள்ளு இன்னும் ஆடிக்கினு கீது, இரு நைனா" என்பார். அவரைப் புகழ்ந்து இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை.

நான் தாலுகா அலுவலகத்தில் மழை அளவு குறித்தவன். ஓய்வு பெற்றபின் பதினொரு மாதம் தேய்த்து, ஆறங்குலக் கண்ணாடி செய்து, தொலைநோக்கி கட்டினேன். சனியின் வளையத்தைப் பிரிக்கும் கருப்பு இடைவெளியைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் ஆசை. இருநூறு மடங்கு பெருக்கினால், பூமி சுழல்வதால் சனி ஐம்பது நொடியில் பார்வையை விட்டு நழுவிவிடும். அதனால் குழாயை விடாமல் பிடித்து, தள்ளிக்கொண்டே பார்ப்பேன். 1982 மார்ச் கடைசியிலிருந்து நாற்பத்தொரு மாலைகள் பார்த்தேன். இடைவெளி தெரியவில்லை. நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் நாற்பத்தொரு முறையும் "காற்று நிலையில்லை" என்று எழுதினேன்.

மே 26, இரவு ஏழு ஐம்பது. பெருநகர் என்னும் ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட காதர் என் வாசலில் நின்று, "நானும் பாக்கலாமா சார்?" என்றார். சனி என்று மட்டும் சொன்னேன். நழுவியதும் எப்படித் தள்ளுவது என்று காட்டினேன். அவர் குழாயை ஒருமுறை தள்ளி, சனியைப் பார்வையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது தானாக மிதந்து நடுவுக்கு வரும்வரை காத்திருந்தார்.

"இன்னா சார், வளையத்துல கோடு கீது?"

"எங்கே?"

"கருப்பா, முடியாட்டம். நீங்க கைய எடுத்துட்டுப் பாருங்க. தராசத் தொட்டுக்கினே எடை சொன்னா எவன் நம்புவான்?"

உள்ளேயிருந்து என் மனைவி ஜெயமணி சிரித்தாள். "தேய்ச்சவருக்குத் தெரியல, பஸ்ஸ வுட்டவருக்குத் தெரியுது!"

நான் பார்க்கக் குனியவே இல்லை. "அது கண்ணாடியில தூசு, காதர்" என்றேன்.

"இருக்கும் சார்" என்று சொல்லி, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாலை, ஜெயமணி கோயிலுக்குப் போன பிறகு, நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். கோடு இருந்தது.

நாற்பத்தொரு பதிவுகளிலும் "காற்று" என்பதைச் சிவப்பு மையில் அடித்து, "என் கை" என்று எழுதினேன். முதலில் கண்ட நாள் மே 26, கண்டவர் காதர். மே 27 என்று என் பெயரைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நோட்டை மண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார்.

"அப்போ தூசு இல்லியா சார்?"

"இல்லை."

தராசில் அடுத்த மூட்டை ஏறியது; அவர் பின்வாங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.