பிரித்துக் கொடுத்த வேலை

அந்த ஆஸ்பத்திரி வார்டில் மூத்த நர்சான அவருக்கு 'நானே சிஸ்டர்' என்று பெயர். யார் எதைத் தொட்டாலும் "விடு, நானே பாத்துக்கறேன்" என்பார். வேலைப் பைத்தியம் என்றார்கள். அது பாதிதான் உண்மை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கடல் தாண்டி வாழ்கிறாள். வீட்டில் ஒரு தட்டும் டம்ளரும் கழுவினால் பாத்திர வேலை முடிந்தது. "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட ஆள் இருந்த ஒரே இடம் இந்த வார்டு.

புதிதாக மூன்று நர்சுகள் வந்தார்கள். மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டார்: "வேலையப் பிரிச்சுக் குடுங்க. நீங்க மேற்பார்வை மட்டும் பாருங்க. முடியலன்னா ஸ்டோருக்கு மாத்திடறேன்." ஸ்டோர் என்றால் பஞ்சும் துணியும் அடுக்கிய அறை. அங்கே முனகக்கூட ஒரு நோயாளி கிடையாது. அந்தப் பயத்திலேயே மறுநாள் காலை படுக்கைகளை மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார். ஜன்னலோரத்துச் சர்க்கரை நோயாளி, கண்ணாடி போட்ட புதுப்பெண்ணுக்கு.

வாய் வேலையைக் கொடுத்துவிட்டது, கை கேட்கவில்லை. ஜன்னலோரம் போனவர், பழக்கதோஷத்தில் சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினைத் தாமே போட்டுவிட்டார். சார்ட்டில் எழுதுவதற்குள் வேறு படுக்கையிலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் போதுமே, ஓடிவிட்டார். கண்ணாடிக்காரி வந்தாள். சார்ட் காலியாக இருந்தது. அரைத் தூக்கத்தில் கிடந்த நோயாளிக்கு அவளும் ஊசியைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், நல்லவேளை, தேறிவிட்டார். டாக்டர் கண்ணாடிக்காரி மேல் பாய்ந்தார். பேசாமல் இருந்தால் பழி அவளோடு போயிருக்கும். ஸ்டோர் அறை கண்முன் வந்து நின்றது. ஆனாலும் சிஸ்டரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ மேல தப்பில்ல டாக்டர். அவளுக்குக் குடுத்த வேலைய நானும் செஞ்சேன். சொல்லாம விட்டுட்டேன்."

மேட்ரன் முகம் கடுத்தது. ஆனால் ஸ்டோருக்கு மாற்றவில்லை. "இனிமேலாவது கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றதோடு சரி.

மறுநாள் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரி ஊசி போட்டாள், அங்கேயே எழுதினாள், "போட்டாச்சு சிஸ்டர்" என்று வந்து சொன்னாள். மற்ற இருவரும் அப்படியே. ஒரு பிசகு இல்லை. சிஸ்டருக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது.

ஜன்னலோரத்திலிருந்து "சிஸ்டர்" என்று குரல் கேட்டது. இவர் விருட்டென்று எழுந்து போனார்.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க, உக்காருங்க. நான் அந்தப் பொண்ணத்தான் கூப்பிட்டேன்" என்றார் நோயாளி, மரியாதையாக.

"இதோ அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரியைத் தேடிப் போனார் சிஸ்டர்.