உதுமான் ராவுத்தர் கேட்ட பிறை

பி.ஏ. முடித்துக் கப்பலிலிருந்து இறங்கிய மறுவாரம், கறுப்பு அங்கியும் சுருட்டிய பட்டமுமாகப் படம் பிடித்துக்கொள்ளக் குளுவாங்கில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். படம் பெரிசாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டிய படக்காரர், "தம்பி, பின்னால ஒரு பிறை போட்டுடட்டுமா? நம்மகிட்ட நல்லதா ஒண்ணு இருக்கு" என்றார்.

"பட்டத்துக்கு எதுக்குங்க பிறை?"

"சும்மா கேட்டேன். கல்யாணத்துக்கு முழு நிலா, ராவுத்தர்மாருக்குப் பிறை, ரெண்டும் கைவசம் இருக்கு."

அவர் பெயர் வீரமுத்து. பிறை கிடைத்த கதையில் பாதியை அன்றைக்கும், படம் வாங்கப் போன நாளில் மீதியையும் சொன்னார்.

வீரமுத்து லாயாங் லாயாங் என்ற சிற்றூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் குளுவாங்குக்குப் போய், ஒரு ஜப்பான்காரரின் படக்கடையில், படம் விழுந்த கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கொடுத்தே படத்தொழிலைக் கற்றுக்கொண்டார். முப்பத்து மூன்றாம் ஆண்டு நடுவில் தோட்டத்தை விட்டு வந்து, லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் அறை பிடித்து ஸ்டூடியோ திறந்தார். படம் பிடிப்பது அவர். படத்தைத் தண்ணீரில் அலசி, கொடியில் காயப்போட்டு, ஓரம் வெட்டுவது மனைவி தனலெட்சுமி. ஐந்து மாதம் ஓடியும் வாசலில் கூட்டம் இல்லை.

கங்காணி அய்யாவு ஒருநாள் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "டேய், படம் காட்டுனது போதும்டா. இந்த மாசக் கடைசி வரைக்கும் உன் நெறைய வேற ஆளுக்குக் கொடுக்காம வச்சிருக்கேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே" என்றார். நிரை என்றால் ஓர் ஆள் வெட்ட வேண்டிய மரவரிசை. நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் மறுபடி அந்த நிரைக்குள் போய் நின்றால் ஆயுசுக்கும் வெளியே வர முடியாது என்று வீரமுத்துவுக்குத் தெரியும்.

அந்த வாரமே எதிர்க்கடை உதுமான் ராவுத்தர் வந்தார். மளிகை வியாபாரி. ஒன்பது வருஷமாக ஊருக்குப் போகவில்லை. நோன்புப் பெருநாளுக்கு நாகூரிலிருக்கும் தாயாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அறுபது வாழ்த்துப் படங்கள் அனுப்ப வேண்டுமாம். தம் கடை வாசலில் அவர் நிற்க வேண்டும். கூரைக்கு மேலே பிறை தெரிய வேண்டும். "கையால வரைஞ்ச பிறை வேணாம்ப்பா. இங்க தெரியுற நெச பிறை. எங்கம்மா அதைக் கண்ணுல ஒத்திக்குவாங்க. மாசக் கடைசிக் கப்பல்ல போயாகணும்."

அறுபது படம்! இது நன்றாக அமைந்தால் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் எல்லாரும் தம்மிடம் வருவார்கள் என்று வீரமுத்து கணக்குப் போட்டார்.

கடைப் படம் ஒரு பகலில் முடிந்தது. நிலாதான் படுத்தியது. கேமராவைச் சும்மா நீட்டினால் தட்டில் மிளகளவுதான் விழுந்தது. தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட தூரக்கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்து, லென்ஸுக்கு முன்னால் கயிற்றால் கட்டிப் பார்த்தார். நிலா சுண்டுவிரல் நகமளவுக்கு வளர்ந்தது. இனி ஒரு பிறை வேண்டும்.

தோட்டத்துக் கூலியாளுக்குப் பிறை எங்கே தெரியும்? விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நிற்கும்போதுதான். இருபது வருஷம் இருட்டில் எழுந்து பெயர் கொடுக்க வரிசையில் நின்ற உடம்பு அது. ஸ்டூடியோ திறந்த பிறகும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அப்படி ஒரு விடியலில் கிழக்கே ரப்பர் மரங்களுக்கு மேல் மெல்லிய பிறை நின்றது. பிடித்துவிட்டார்.

பிறகு கடையைத் தாளில் அச்சிட்டார். கடை இருந்த பாகத்தைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவிட்டு, வெளுப்பாக மிஞ்சிய வானத்தில் நிலாத் தட்டை வைத்து இன்னொரு முறை வெளிச்சம் காட்டினார். வானம் இருண்டது, பிறை வெள்ளையாக நின்றது. ஈரம் காயும் முன்பே எதிர்க்கடைக்கு ஓடினார்.

ராவுத்தருக்கு வாயெல்லாம் பல். "அச்சா இருக்கேப்பா! எந்த நாள் அந்தியில, மக்ரிப்புக்குப் பிடிச்சே?"

"மக்ரிப்பு இல்ல மொதலாளி. விடியக்காலைல, பெரட்டு நேரத்துல" என்றார் வீரமுத்து பெருமையாக.

ராவுத்தர் படத்தை மேஜைமேல் வைத்தார். "அலமாக்! காலைப் பிறையாப்பா? அது தேய்ஞ்சு போற பிறை. பொறக்குற மாசத்துக்கு வாழ்த்துச் சொல்ல, சாகுற நிலாவையா அனுப்புறது? மொத பிறைன்னா அந்தியில மேக்கால தெரியணும்லா." திட்டவில்லை. அதுதான் வீரமுத்துவை இன்னும் வதைத்தது.

வீட்டில் தனலெட்சுமி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ஏங்க, கண்ணாடியத் திருப்பிப் போட்டு அச்செடுத்தா வளர்பிறை மாதிரிதானே இருக்கும்? புதுசுன்னு கொடுத்துட்டா யாருக்குத் தெரியும்?"

திருப்பிப் போட்டே பார்த்தார். அவள் சொன்னது சரிதான். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தத் தாய் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றுவதை நினைத்ததும் கை வரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டார்.

"அப்போ நெறைக்குப் போங்க" என்றாள் அவள். சொன்ன கையோடு அழுதுவிட்டாள்.

நோன்பு மாதம் பிறக்கும் அந்தி வந்தது. வடகிழக்கு மழை கொட்டித் தீர்த்தது. முதல் பிறையும் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. கப்பலுக்கு நான்கு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அந்தியில் மழை விட்டு, ரயில் பாதைக்கு மேலே மேகம் பிளந்தது. பிறை பளிச்சென்று, படகு போலச் சாய்ந்து கிடந்தது. வாசலில் நின்ற தனலெட்சுமி மூன்றாம் பிறையைக் கண்டால் கும்பிடும் வழக்கப்படி கைகூப்பினாள். வீரமுத்து தலையைத் தூக்கவே இல்லை, ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

நோன்பு திறந்துவிட்டுக் கையைத் துடைத்தபடி ராவுத்தர் எதிர்க்கடை வாசலுக்கு வந்தார். "ஏம்ப்பா வீரமுத்து! பிறை வந்து நிக்குது, உன் கேமராப் பொட்டி எங்க?"

"அது மூணாம் பிறைங்க மொதலாளி. நீங்க மொத பிறைல்ல கேட்டீங்க? பழசாப் போச்சு."

"பழசா? முந்தாநாள் வாங்குன மீனாப்பா அது, நாறிப்போறதுக்கு? வளர்ற பிறையா இருந்தாப் போதும்லா! ரெண்டு நாளா மழை மறைச்சதுக்கு நீ என்ன பண்ணுவே? எந்திரி, எந்திரி!"

வீரமுத்து எழுந்த வேகத்தில் உட்கார்ந்திருந்த மரப்பெட்டி கவிழ்ந்தது. தனலெட்சுமி கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ராவுத்தரே தண்டவாள ஓரச் சேற்றில் குடையை விரித்து, ஸ்டேஷன் விளக்கு லென்ஸில் படாமல் மறைத்து நின்றார். லென்ஸ் மூடியைத் திறந்து "ஒண்ணு" என்று எண்ணி மூடினார் வீரமுத்து. தட்டை மாற்றி இன்னொன்று. மறுபடி ஒன்று. நான்காவதற்கு மேகம் வந்துவிட்டது.

மூன்றில் ஒன்று துல்லியமாக விழுந்திருந்தது. கழுவிய தட்டைச் சிவப்பு விளக்குக்கு எதிரே பிடித்து இரண்டு முறை பார்த்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வர, இருந்த பழைய சோற்றை இருவரும் சட்டியிலிருந்தே சாப்பிட்டார்கள்.

மூன்று நாள் இருவரும் மாறி மாறி அச்செடுத்து அலசினார்கள். அறுபது படமும் காலை ரயிலில் சிங்கப்பூருக்குப் போயின. ரயிலை அனுப்பிவிட்டு வீரமுத்து நேரே தோட்டத்துக்கு நடந்தார். "கங்காணியாரே, நெறைய வேற ஆளுக்குக் கொடுத்துடுங்க" என்றார். "கொழுப்புடா உனக்கு" என்று சிரித்துவிட்டு, அய்யாவு தம் மகளின் கல்யாணத் தேதியைச் சொல்லிப் படம் பிடிக்க வரச் சொன்னார்.

மறுவருஷமே அவர்கள் குளுவாங்குக்குக் குடிவந்தார்கள். இப்போது ஆண்டு முப்பத்தெட்டு. மார்க்கெட் தெருவில், தையற்கடைக்கு மாடியில் ஸ்டூடியோ இருக்கிறது. தனலெட்சுமிதான் பெண்களைப் படம் பிடிக்கிறாள். மூத்த மகள் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீரமுத்துவுக்கு வயது நாற்பத்தொன்று, நன்றாக இருக்கிறார்.