ரயில் கேட்டில் ஆறிப்போன குடுவை

பிலோமினாவின் கணவர் அழைத்தபோது உப்பளச் சாலையில் வண்டியை ஓரங்கட்டினேன். "சார், மினா விடியக்காலம் போயிட்டா" என்றார். மூன்று மாதமாக நோயில் கிடந்தவர்தான். இருந்தும், போனை வைத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினேன். உப்புப் பாத்திகளில் வானம் விழுந்து கிடந்தது. எது நீர், எது வானம் என்று பிரித்தறியாமல் நெடுநேரம் நின்றிருந்தேன்.

தீவன ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் நாங்கள் அருகருகே வேலை பார்த்தோம். அவர் மீனவர் ஊரான திரேஸ்புரத்துக்காரர். ஆய்வகத்துக்குத் தொலைவில் உள்ள எங்கள் பண்ணையில், விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய பசு ஒன்று உண்டு. அதன் வயிற்றுச் சாற்றைச் சூடு குறையாமல் குடுவையில் கொண்டுவந்து, அரைத்த தீவனத்தோடு புட்டிகளில் அடைத்து, எவ்வளவு செரிக்கிறது என்று அளப்போம். வெதுவெதுப்பான அறையில் குமிழிகள் மெல்ல எழும். பிலோமினா கண்ணை மூடிக்கொள்வார்.

"கேளுங்க சார், மாடு அசபோடுத மாதிரியே இருக்கு."

முதலில் சிரித்தேன். நாளாக ஆக எனக்கும் கேட்டது.

ஒருமுறை, விளாத்திகுளம் பக்கம் விதைக்கும் நாட்டுச் சோளத்தின் காய்ந்த தண்டான தட்டையைப் புதிய ரகத்தோடு ஒப்பிட்டோம். புதியதை முதல் நாளும் நாட்டுச் சோளத்தை மறுநாளும் புட்டியில் அடைத்தோம். நாட்டுச் சோளம் மிகக் குறைவாகவே செரித்ததாகக் கணக்கு வந்தது. அதைக் கைவிடும்படி விவசாயிகளுக்குச் சொல்லும் பரிந்துரையை எழுதி முடித்திருந்தேன். அப்போது பிலோமினா வந்து என் மேசையருகே நின்றார்.

"அத அனுப்பாதீய சார். தட்டையில ஒரு கொறயும் இல்ல. நாட்டுச் சோளம் அடச்ச அன்னைக்கு ரயில் கேட்டுல ரொம்ப நேரம் நின்னுட்டேன். குடுவையில வெந்நி ஊத்திச் சூடாக்காமலே சாற எடுத்துட்டேன். வாரதுக்குள்ள ஆறிட்டு. அதுல தீவனத்தச் செரிக்கவைக்குத, கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் செத்திருக்கும்."

"அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினேன்.

"பயந்துட்டேன்" என்றார்.

அவருடைய தற்காலிக வேலையை நீட்டிப்பதா என்று மேலிடம் முடிவெடுக்க வேண்டிய மாதம் அது. நான் எழுந்து ஜன்னலருகே போனேன். அவரே தொடர்ந்தார்: "என் பேரப் போட்டே எழுதுங்க. மாட்டுத் தீவனத்து மேல பழியப் போடாண்டாம்."

மறுநாள் காலை ஜீப்பில் என் பக்கத்தில், சுடவைத்த குடுவையை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடியபடி வந்தார். கடல் பனியில் துறைமுகத்துக் கப்பல்கள் பாதி கரைந்து தெரிந்தன. இம்முறை இரண்டு தட்டையையும் ஒரே சாற்றில் அடைத்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு செரித்தன. பரிந்துரையைக் கிழித்தேன். நடந்ததை அவர் சொன்னபடியே எழுதினேன்.

அவருக்கு நீட்டிப்பு வரவில்லை. எட்டு மாதம் அண்ணனோடு மீன் ஏலக்கூடத்தில் நின்றார். ஆய்வகத்தில் ஓர் இடம் காலியானதும் நானே போய் அழைத்துவந்தேன். என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவமா? வெளாத்திகொளத்து மாடு அந்தத் தட்டைய நல்லாத் திங்குதுல்லா, அது போதும்."

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குரல் இன்னும் கேட்கும். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு வரி. சாறு எப்போது எடுத்தது, எவ்வளவு நேரம் வழியில் இருந்தது, எங்கள் கையில் என்ன தவறியது என்று ஒவ்வோர் அறிக்கையிலும் எழுதுகிறேன். யாரும் அதைப் படிப்பதாகத் தெரியவில்லை. நான் எழுதாமல் விட்டதில்லை.