இடது கைக்கு ஒரு யானை

நான் செய்த முதல் தர்மகாரியம், என் தங்கையின் வாழ்க்கையில் மூன்று வாரத்தைக் காணாமல் போக்கியதுதான். அப்போது எனக்குப் பத்து வயது, அவளுக்கு நாலு. இன்று அவள் வேலைக்குப் போகிறாள், தனியே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவனையும் மீறி வளர்ந்தவ நான்" என்று அறிமுகம் செய்கிறாள். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஃபேரர் பார்க் பக்கம் ஆறாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் துவாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துத் தேக்கா துணிக்கடைகளுக்குக் கொடுப்பார். தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பின் வலது பக்கத்தில் பலம் குறைவு. கால் கொஞ்சம் இழுக்கும். வலது கை எந்நேரமும் விரல்களை மடக்கிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். அவளுடைய எல்லா வேலையையும் இடது கையே பார்த்தது, சாப்பாடு உட்பட.

அதில்தான் எங்கள் வீட்டுக்குச் சங்கடம். ஒரு கல்யாணப் பந்தியில் தூரத்து அத்தை ஒருவர், தங்கை இடது கையால் சோற்றை அள்ளுவதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கலியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால், அம்மா தங்கையின் இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு தானே ஊட்டிவிடுவார். வந்தவர் லிப்டில் இறங்கியதும் விட்டுவிடுவார். ஆக, இடது கை என்பது ஆள் பார்க்கும்போது மட்டும் தப்பு. பள்ளிக்கூடத்தில் எதையும் ஒழுங்காகப் படிக்காத நான், இந்த வீட்டுச் சட்டத்தை மட்டும் நன்றாகப் படித்து வைத்திருந்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் தங்கையைச் சின்னப் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போவோம். அங்கே காலுக்கு ஒருவர், பேச்சுக்கு ஒருவர், கைக்கு ஒருவர். கைக்கு உரியவர் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட். நிலையத்திலிருந்து வந்த கடிதத்தில் அதைத் தமிழில் 'தொழில்முறை சிகிச்சையாளர்' என்று போட்டிருந்ததால், "நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் சொல்லிக் குடுக்கப் போறாங்க?" என்று அம்மா முதலில் கவலைப்பட்டார். போய்ப் பார்த்தால் தலையில் துடோங் கட்டிய, சிரித்த முகமுள்ள ஒரு தமிழ் முஸ்லிம் பெண். நாங்கள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம்.

ஒருநாள் டீச்சர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். "வலது கைன்னு ஒன்னு இருக்கிறதையே பாப்பா மறந்துக்கிட்டு வருதும்மா. சின்ன வயசுல ஞாபகப்படுத்தினா பிடிச்சுக்கும். அப்புறம்னா ரொம்பக் கஷ்டம்."

தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கையை உறை போட்டு மூடிவிட வேண்டும். அந்த நேரத்தில் விளையாட்டு, தீனி எல்லாம் வலது கையால்தான். மூன்று வாரம் செய்ய வேண்டும்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப இனிமே வலது கையால சாப்பிடுவாளா டீச்சர்?"

"இடது கையால சாப்பிட்டா தப்பே இல்லம்மா. ஆனா சட்டை பட்டன், பாட்டில் மூடி, ஷூ, இதுக்கெல்லாம் ரெண்டு கை வேணும்ல. நாளைக்கு அவளே தனியா செய்யணும் லா."

இந்த முக்கியமான வாக்கியம் காற்றில் போய்க்கொண்டிருந்தபோது, நான் டீச்சருடைய சுழல் நாற்காலியில் எத்தனை சுற்றுக்குப் பிறகு வாந்தி வரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது அம்மாவின் கேள்வி மட்டும்தான்.

அம்மா மீந்துபோன ஊதாப் பட்டுத் துணியில் உள்ளே பஞ்சு வைத்து ஓர் உறை தைத்தார். இரண்டு பட்டனைக் கண்ணாக்கி, காது வைத்து, தும்பிக்கை வைத்து, அதை யானை ஆக்கினார். தங்கைக்கு யானையைப் பிடித்துத்தான் இருந்தது, அது தன் இடது கையை விழுங்கும்வரை. மாட்டியதும் அழுதாள் பாருங்கள், எதிர் புளோக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீன மாமி எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தீபாவளித் தையல் வேறு மலைபோல் கிடந்தது. "நீ பெரிய பையன்ல, தங்கச்சியைப் பார்த்துக்கோ. ரெண்டு மணி நேரம் ஆனதும் டீச்சர் குடுத்த அட்டவணையில கோடு போட்டுடு" என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்த் தையல் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. கேட்கக்கூடாது என்பதற்காகவே மிதித்தாரோ என்னவோ.

தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணா, யானை வேணாம்ணா."

நான் யோசித்தேன். வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. ஆள் பார்க்காதபோது இடது கை தப்பே இல்லை. அப்புறம் எதற்கு இந்தக் கொடுமை? யானையை இழுத்துக் கழற்றினேன். அவள் அழுகை பட்டென்று நின்றது. கன்னத்தில் ஒரு முத்தமும் கிடைத்தது. இரண்டு மணி நேரம் கழித்து அட்டவணையில் அழகாக ஒரு கோடு போட்டேன். ஒரு கைதியை விடுதலை செய்த ராஜா மாதிரி இருந்தது எனக்கு.

இப்படி மூன்று வாரம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலோ, அறையில் தையல் சத்தம் நின்றாலோ யானையை மாட்டுவோம், ஆபத்து நீங்கியதும் கழற்றுவோம். "வீட்டுல இப்பல்லாம் அழுகைச் சத்தமே இல்ல, பழகிட்டா" என்று அம்மா போனில் அப்பாவிடம் சொன்னார். என் நிர்வாகத் திறமையில் எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நடுவில் தடுப்பு வைத்த ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, ஒரு பக்கத்துக் கட்டைகளை வலது கையால் எடுத்து மறுபக்கம் போடச் சொன்னார். ஒரு நிமிஷம். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றாள். டீச்சர் எண்ணினார். இன்னொரு முறை செய்யச் சொல்லி, மறுபடியும் எண்ணினார்.

"முதல் நாள் மூணு போட்டா. இன்னைக்கும் மூணுதான்."

அம்மா மடியில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். "பரவால்ல டீச்சர். அவளுக்கு வராதுன்னா விட்டுடலாம். எங்க பிள்ளை, நாங்க ஊட்டிவிட்டுட்டுப் போறோம். எதுக்கு அவளைப் போட்டு வருத்தணும்?"

"எங்க காலத்துக்கு அப்புறம் அண்ணன் இருக்கான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

டீச்சர் மேசையிலிருந்த யானையைக் கையில் எடுத்தார். திருப்பினார். உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், நாலு வயதுப் பிள்ளை போட்டிருந்த உறை. பட்டு அன்று தைத்த மாதிரியே பளபளத்தது.

"நல்லா துவைச்சு வெச்சிருக்கீங்களே" என்றார்.

"நான் துவைக்கலியே" என்றார் அம்மா.

"நான்தான் துவைச்சேன்" என்றேன். என் உள்ளாடையைக்கூட நான் துவைத்ததில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அப்போது தங்கை என் உதவிக்கு வந்தாள். டீச்சரின் மடியில் சாய்ந்துகொண்டு, உலகத்திலேயே பெருமையான செய்தியைச் சொல்கிற குரலில் சொன்னாள். "எங்க அண்ணா நல்ல அண்ணா. டெய்லி யானையைக் கழட்டி விட்டுடுவான். அழவே வேணாம்."

அம்மா அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அட்டவணையில் நான் போட்ட இருபத்தோரு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார். "வராதுன்னு இல்லம்மா. நம்ம இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. திரும்ப மூணு வாரம் பார்க்கலாம். ஆனா அவ அழுறப்ப யாராச்சும் பக்கத்துல இருக்கணும். இருந்துட்டு, எடுத்துக் குடுக்காம இருக்கணும். அதான் கஷ்டம்."

"என்னால முடியாது டீச்சர்" என்றார் அம்மா, உடனே.

இரவு அப்பாவிடம் விஷயம் போனது. "நாளைலேர்ந்து நான் உட்கார்றேன்" என்று மட்டும் சொன்னார். மேலாளரிடம் பேசி மூன்று வாரத்துக்கு இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டார். காலையில் துவாஸிலிருந்து வந்து, குளித்து, மூன்று மணி நேரம் தூங்கி, மதியம் எழுந்துவிட்டார்.

முதல் நாள் நான் படுக்கையறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தங்கை பாயில், எதிரே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் அப்பா. நடுவில் ஒரு கிண்ணம் கெரோப்போக். அந்த இறால் வறுவல் அவளுக்கு உயிர். யானை இடது கையை விழுங்கியிருந்தது. அவள் வலது முஷ்டியால் கிண்ணத்தை இடித்தாள். அது நகர்ந்தது. மறுபடி இடித்தாள், கவிழ்ந்தது. அப்பா குனிந்து அதை நிமிர்த்தி, சிதறியதை அள்ளிப் போட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"அப்பா, எடுத்துக் குடுங்கப்பா."

"நீயே எடும்மா."

"முடியலப்பா."

"இன்னொரு தடவை."

அவள் அழுதாள். எச்சில் ஒழுக, மூக்கு ஒழுக, 'அப்பா அப்பா' என்று அழுதாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வறுவலை எடுத்து அவள் வாயில் வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம். இவ்வளவு கல்நெஞ்சக்காரரா நம் அப்பா என்று நினைத்தேன். நான் எவ்வளவோ மேல் என்றும் நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். தங்கை ஒவ்வொரு முறை கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டும்போதும் அவருடைய தோள்கள் லேசாக முன்னால் போய்த் திரும்பின. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஆனால் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

பாவம், ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவருக்குக் குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தம் போடாமல் போய் மின்விசிறியை நிறுத்தினேன்.