நாலு அறை வித்தி

1

நோய்க்கு நான் எழுதிய பெயர் பிழை என்று எனக்குத் தெரிந்தபோது காலை பத்து மணி. அந்தப் பெயரை நம்பி, இரத்தோட்டையில் காதர் நானாவின் கராம்பு நர்சரியை அன்று கொளுத்தச் சொல்லி முந்தின நாளே கடிதம் போய்விட்டது.

எண்பதுகளின் கடைசி. மாத்தளையில் ஒரு பயிர் நோய் ஆய்வு லெபில் நான் டெக்னீஷியன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கிளை, இலை, பட்டை என்று வருவதில் இருக்கும் பூஞ்சணத்துக்குப் பெயர் சொல்வது என் வேலை. பெரும்பாலும் கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புப் புள்ளிகள்தான். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்று. பிளேடால் கீறி, ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் இன்னது என்று தெரியும். உள்ளே நீளமான பைகள் இருக்கும். ஒவ்வொரு பையிலும் எட்டு வித்தி, அதாவது பூஞ்சணத்தின் விதை, தோட்டுக்குள் பயறு மாதிரி. வித்திக்குள் எத்தனை குறுக்குச் சுவர் என்று எண்ண வேண்டும். கராம்பைக் கொல்லும் பூஞ்சணத்துக்கு ஒரு சுவர், இரண்டு அறை. காய்ந்த குச்சியில் சும்மா குடியிருப்பதற்கு மூன்று சுவர், நாலு அறை.

காதர் நானா கொண்டுவந்த கன்றில் நான் ஒரு சுவர்தான் பார்த்தேன். லெபுக்குப் பெரியவரான எங்கள் சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நிச்சயம்தானே?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். "நிச்சயம் சேர்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

2

பழைய புள்ளிகள் உடைந்து அழுக்காக இருக்கும். நசுக்கினால் ஸ்லைட் முழுக்கக் குப்பை. அதனால் பளபளவென்று இருந்த இளசுகளாகப் பொறுக்கியிருந்தேன். இளம் வித்தியில் நடுச்சுவர்தான் முதலில் வரும், மற்ற இரண்டும் பிறகு. குழந்தையின் வாயில் இரண்டு பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு மொத்தமே இரண்டுதான் என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

மிச்சப் பட்டைத் துண்டை ஈரத்தாள் போட்ட கண்ணாடித் தட்டில் வைத்து, மூடியின் உள்பக்கம் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டி மூடியிருந்தேன். முற்றிய பை வெடித்தால் வித்தி அதில் வந்து ஒட்டும். தட்டைக் கழுவப்போகும்முன் அந்தச் சில்லை எடுத்து ஒரு ஸ்லைட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் சும்மா பார்த்தேன். எல்லாம் நாலு அறை.

சேர் அன்று வரவில்லை. கடை, கந்தோர், அரசாங்க ஒஃபீஸ் எல்லாம் மூடச் சொல்லி, அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சிக்காரர்கள் ஊரெங்கும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பின்பக்கக் குவார்ட்டர்ஸில் இருந்ததால் நான் மட்டும் உள்ளே வந்திருந்தேன். டெலிபோன் செத்துக் கிடந்தது. பஸ் இல்லை. சும்மா இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. கன்று சாம்பலானபிறகு யார் வந்து வித்தியை எண்ணப்போகிறார்கள்? அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஸ்லைட்டைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். வழியில் ஆர்மி செக்பொயின்ட். சிப்பாய் பஞ்சைப் பிரித்து, ஸ்லைட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியாது. ஒன்றுமில்லாததை எதற்குப் பொத்திக்கொண்டு போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். பூஞ்சணம் என்றேன்.

"ரோட்டுல மனுசன் செத்துக் கிடக்கிறான். நீ பூஞ்சணம் கொண்டு போறியா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

ஐடென்டி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கவைத்தான். பிறகு கார்டைத் தந்து போகச் சொன்னான்.

3

தூரத்திலேயே புகை தெரிந்தது. கொளுத்துவதை மேற்பார்க்க வேண்டிய ஒஃபீசர் வந்திருக்கவில்லை. காதர் நானாவே கன்றுகளைப் பிடுங்கிக் குவித்து நெருப்பு வைத்திருந்தார். நாலு பாத்தியில் மூன்று போய்விட்டது.

"நானா, நிப்பாட்டுங்க. அது கன்றைக் கொல்ற நோய் இல்ல. பிழை என்னோடது."

அவர் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார்.

"இன்னைக்கு ஒஃபீசர் வரமாட்டாருன்னு தெரியும் தம்பி. விட்டு வச்சா பக்கத்துத் தோட்டத்துக்கும் போயிடுமேன்னு நானே வச்சிட்டேன். நீங்க பாத்துச் சொன்னதுதானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருவரும் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினோம். பிறகு அவர் மிச்சப் பாத்திக்குப் போய், நுனி காய்ந்த கன்று ஒன்றை வேரோடு பிடுங்கி என் கையில் தந்தார்.

"அந்தப் பூஞ்சணம் ஒண்ணும் செய்யாதுன்னா, இது ஏன் காயுது? அதப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

அந்தக் கேள்வியை நான் லெபில் கேட்கவே இல்லை. புள்ளியைப் பார்த்தேன், வேரைப் பார்க்கவில்லை. வேர் அழுகியிருந்தது, பாத்தியில் தண்ணீர் தேங்கியதால். பிழை என்னுடையது என்று சேருக்கு எழுதிக் கொடுத்தேன். என் நிரந்தர நியமனம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சுத்தமாக இருக்கிறதே என்று இளசை நசுக்கி எண்ணாதீர்கள். தானாக வெடித்து வெளியே வந்த வித்தியை எண்ணுங்கள். நிச்சயம் என்று சொல்ல வாய் வந்தால் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தச் சொல்லை நம்பி எங்கேயோ ஒரு மனிதர், யாரும் வந்து சொல்லாமலே, தன் கையால் நெருப்பு வைப்பார்.