சஹர் இல்லாத நோன்பு

பீர்க்கன்கரணை அயூபுக்குப் பன்னிரண்டு வருஷமாக நாய்களோடுதான் பிழைப்பு. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனை நாய்களுக்குச் சோறு போட்டு, கூண்டு கழுவுவார். பதினான்காம் நம்பர் நாய்க்கு அவர் வைத்த பெயர் மகாராணி. பெயருக்கேற்ற பிகு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தட்டில் வாய் வைக்காது.

ஒரு மாதமாக அதற்குப் புது மூட்டுவலி மாத்திரை கொடுத்தார்கள். அது குடலைப் புண்ணாக்குகிறதா என்று பார்க்க, முன்பெல்லாம் நாயைக் கொன்று வயிற்றைத் திறப்பார்கள். 2007 ரம்ஜானில் டாக்டர் ஜெயஸ்ரீ வேறு வழி கொண்டுவந்தார். விழுங்கினால் உள்ளே போய்ப் படம் எடுத்தனுப்பும் குட்டிக் கேமரா. படம் தெளிவாக வந்தால் மகாராணி பிழைக்கும். இல்லையென்றால் பழைய கத்திதான். முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே பட்டினி போடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

மறுநாள் காலை அதைக் கேமராவை விழுங்கவைத்தார்கள். மாலை திரையில் படம் ஓடியது. அயூப் சொக்கிப்போய் நின்றார். ரோஜா நிறச் சுவர்கள் மெல்ல விரிந்தன, மெல்ல மூடின. ஏரித் தண்ணீருக்குள் கண் திறந்த மாதிரி வெளிச்சம் அசைந்தது. தான் போட்ட சோறெல்லாம் இந்த வழியாகவா போயிற்று என்று கனவில் நடப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வெள்ளைக் கட்டிகள் வந்து எல்லாவற்றையும் மறைத்தன.

"நேத்து சோறு இன்னும் நகரவே இல்லையே. மாத்திரை குடலையே நிறுத்திடுச்சு போல. திறந்துதான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

அயூப் டாக்டர் பக்கம் திரும்பினார். "அது நேத்து சோறு இல்ல மேடம். விடிகாலைல கூண்டாண்ட ஒக்காந்து நோன்புக்கு சஹர் சாப்ட்டுகினு இருந்தேன். அது என் மூஞ்சியவே பாத்துகினு இருந்துச்சு. பகலெல்லாம் பட்டினி கெடக்கப் போற உசிரு, சஹர் இல்லாம எப்படி? பால்ல நனைச்சு ரெண்டு துண்டு ரொட்டி குடுத்துட்டேன்."

"உங்க வேலையே போயிடும் அண்ணா!"

"போவட்டும் மேடம். அத்த மட்டும் திறக்காதீங்க."

டாக்டர் அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு, "இன்னும் ஒரே ஒரு கேமராதான் இருக்கு. அடுத்த வாரம்" என்றார்.

இரண்டாவது கேமரா விழுங்கவைக்கும் அந்த நாளில் அயூபும் சஹர் சாப்பிடவில்லை. மனைவி நஃபீசா கொடுத்தனுப்பிய டப்பா திறக்காமலே கிடந்தது.

மாலையில் அதே ரோஜா நிறப் பாதை, துடைத்துவிட்டதுபோல் ஓடியது. நடுவில் மூன்று சின்னப் புண்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தன.

"மாத்திரையை நிறுத்திடலாம். கத்தி வேண்டாம் அண்ணா" என்றார் டாக்டர்.

நோன்பு திறக்கப் பாங்கு கேட்டது. அயூப் மகாராணியின் முன் தட்டை வைத்தார். வழக்கம்போல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளப் போனார். அதற்குள் அது சாப்பிட ஆரம்பித்துவிட்டது. அப்படியே நின்று பார்த்தபடி, அவரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.